ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர விண்ணப்பித்தேன்: ஒரு செக் கேஸ் உத்தரவு நகலுக்கு அலைந்த அனுபவம்

ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர விண்ணப்பித்த கதையை எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஃப்ரீமேசன் என்பது ஒழுக்கத்தையும் சகோதரத்துவத்தையும் பேசும் ஒரு பழைய சங்கம், லாட்ஜ் என்பது அதன் உள்ளூர்க் கிளை. உள்ளே என்ன சடங்கு, என்ன ரகசியம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. விண்ணப்பத்தில் இருந்த ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "உங்கள் மேல் எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா? இருந்தால் விவரம் தருக." இதற்கு உண்மையைப் பதிலாக எழுதினேன். அதனால் மாதக்கணக்கில் இழுத்தது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்குக் கோழித் தீவன வியாபாரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீஸ்களில் மலையாளம், வாரத்தில் பாதி நாள் பொள்ளாச்சி ரோட்டில். சில வருடங்களுக்கு முன்னால் மக்காச்சோளம் வாங்கும்போது, இந்தப் பக்கமே கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் வியாபாரியிடம் பாதுகாப்புக்காக ஒரு செக் கொடுத்திருந்தேன். ஒரு லோடு ஈரமாக வந்தது. விலையில் தகராறு. பேச்சு முறிந்ததும் அவர் செக்கைப் பேங்கில் போட்டார், திரும்பியது, 138 கேஸ், அதாவது செக் திரும்பினால் போடுகிற குற்ற வழக்கு. கடைசியில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, பணத்தைக் கொடுத்து, கோர்ட்டில் சமரசமாக முடித்துக்கொண்டோம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 147-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்படி முடிந்தால் விடுதலை ஆனதற்குச் சமம். வக்கீல் அப்படிச் சொன்னதோடு நானும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் மச்சான் சொன்னது இது: "மாப்ள, செக் கேஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கே போகாது. நேரா மாஜிஸ்திரேட் கிட்ட குடுக்கற புகார். போலீஸ் சர்டிபிகேட் எடுத்தாலும் ஒண்ணும் வராது. நீயா போய் எதுக்குத் தலையக் குடுக்கற?"

அவன் சொன்னது சரிதான். கேரளா போலீஸிடம் குற்றத்தில் தொடர்பில்லை என்ற சான்று கேட்டால் அவர்கள் பார்ப்பது அவர்கள் பதிவேட்டை. அதில் என் பெயர் இல்லை. "இல்லை" என்று எழுதியிருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

ஆனால் அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டும். முன்மொழிகிறவர் ஒருவர், வழிமொழிகிறவர் ஒருவர். இவர் நல்ல நடத்தை உள்ளவர், எனக்குத் தெரியும் என்று அவர்கள் எனக்காகப் பொறுப்பேற்கிறார்கள். என்னை முன்மொழிந்தவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நான் மறைத்தால் அவர் கையெழுத்தும் பொய்யாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. ஒழுக்கம்தான் அடித்தளம் என்று சொல்லும் ஒரு சங்கத்துக்குள் பொய் சொல்லி நுழைந்தால், அப்புறம் அங்கே என்ன கற்றுக்கொண்டு என்ன பயன்? "ஆமாம்" என்று எழுதி, கேஸ் விவரத்தை நான்கு வரியில் சேர்த்தேன். அண்ணா படித்துவிட்டு, "நல்லது. இனி பேப்பர் கேப்பாங்க, தயாரா இருந்துக்கோ" என்றார்.

கேட்டார்கள். கேஸ் முடிந்த உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும், அதுவரை விண்ணப்பம் நிற்கும்.

மற்றதெல்லாம் சுலபம். போட்டோ, ஆதார், 21 வயது முடிந்திருக்க வேண்டும், கடவுள் நம்பிக்கை உண்டா என்ற கேள்வி. எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை.

நகலுக்காகக் கோர்ட்டுக்குப் போனேன். எந்தக் கோர்ட் என்று எழுதப் போவதில்லை. வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த பழைய சீட்டில் கேஸ் எண்ணுக்கு முன்னால் சி.சி. (காலண்டர் கேஸ்) என்று இருந்தது. நகல் பிரிவில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார், அந்த எண்ணில் வேறு யாருடையதோ அடிதடி வழக்கு. "இது நிங்ஙளுடெ அல்ல" (இது உங்களுடையது இல்லை) என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். வேறு எப்படித் தேடுவது என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இங்கேதான் முதல் குறிப்பு. இ-கோர்ட்ஸ் செயலியில் கட்சிக்காரர் பெயர், வருடம் போட்டுத் தேடலாம். என் பெயரை இங்கிலீஷில் நான் எழுதுகிற மாதிரி போட்டால் வரவில்லை. எதிர்த்தரப்பு வியாபாரியின் பெயரைப் போட்டுத் தேடினேன், உடனே வந்தது. என் கேஸ் எஸ்.டி. எண்ணில் இருந்தது, அதாவது சுருக்க விசாரணை வரிசையில். கூடவே ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனியாக இருக்கும் பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணும் இருந்தது. அந்த எண்ணைக் காட்டினால் எந்தப் பிரிவிலும் மறுபேச்சு பேச முடியாது. ஸ்கிரீன்ஷாட் போதாது, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, எண் கிடைத்தது. முடிந்த கேஸ் என்பதால் கட்டு ரெக்கார்ட் ரூமுக்குப் போயிருக்கிறது, எடுத்து வர நாளாகும் என்றார்கள். நியாயம். அதே ஆள் ஒரு தேதி சொல்லி அன்றைக்கு வரச் சொன்னார். கடையைப் பையன்கள் பொறுப்பில் விட்டுவிட்டு மழையில் நனைந்து போய் நின்றால் கதவில் பூட்டு. ஓண லீவு. காலண்டரைப் பார்த்துக்கொண்டே தேதி சொன்ன மனுஷன் அவர். அடுத்த முறை போக வேண்டிய நாளில் ஹர்த்தால், பஸ்ஸே இல்லை. நகல் கைக்கு வந்தபோது அதைக் கவருக்குள் போட்டு, கவரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் அடுத்த சிக்கல். உத்தரவில் என் பெயர் வேறு மாதிரி இருந்தது. ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், நம் வழக்கப்படி. கோர்ட் பேப்பரில் இனிஷியல் இல்லை. பெயர், அடுத்து அப்பாவின் முழுப்பெயர், அப்புறம் வீட்டுப்பேர். எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்து வீட்டை ஊரில் என்னவோ களம் என்பார்கள். புகாரை எழுதியவர் அந்தக் களத்தையே வீட்டுப்பேராகப் போட்டிருக்கிறார். எல்லைப் பக்கத்துத் தமிழர்களுக்கு இது தெரிந்த தலைவலி. ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று. "இது நீங்கள்தானா என்று கமிட்டி கேட்டால் என்ன சொல்வது?" என்று லாட்ஜ் செயலாளர் தயங்கினார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது.

இதற்குத் தீர்வு ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. கேரளாவில் வில்லேஜ் ஆபீஸில் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சான்றிதழ் தருவார்கள். அரசு சேவைகளுக்கு ஆன்லைனில் மனு போட்டுத் தரும் அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பெயர் மாறியிருக்கும் ஆவணம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் அக்ஷயா பெண் "பேங்க் தேவை என்று போட்டால் சீக்கிரம் வரும்" என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். லாட்ஜில் உண்மை சொல்லத்தானே இந்தப் பாடு, அதற்கான சான்றிதழையே பொய் சொல்லி வாங்குவதா? "மேசானிக் லாட்ஜ் உறுப்பினர் விண்ணப்பம்" என்று உள்ளபடியே போடச் சொன்னேன்.

வில்லேஜ் ஆபீஸர் நேரில் வரச் சொன்னார். சான்றிதழைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அது சாத்தானைக் கும்பிடுகிற கூட்டமா, மதம் மாற்றுகிற கூட்டமா என்றுதான் கேட்டார். எனக்குத் தெரிந்ததைப் பொறுமையாகச் சொன்னேன். இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப் என்று எல்லா வேதமும் வைத்திருப்பார்கள், அவரவர் தம் வேதத்தின் மேல் உறுதி எடுக்கலாம். உள்ளே மதச் சண்டையும் அரசியலும் பேசக் கூடாது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1775-லேயே திருச்சியில் சேர்ந்திருக்கிறார். விவேகானந்தர் 1884-ல் கல்கத்தாவில் சேர்ந்திருக்கிறார். விவேகானந்தர் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அப்படியும் கையெழுத்து அன்றைக்கு விழவில்லை. விசாரித்துவிட்டுத் தருகிறேன் என்று இழுத்து, பக்கத்துக் கடைக்காரரிடம் எல்லாம் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கடைசியில் சான்றிதழ் வந்து சேர்ந்ததும் முதலில் பெயர் எழுத்துக்களைத்தான் சரிபார்த்தேன். நீங்களும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

பிறகு விசாரணைக் கமிட்டி வீட்டுக்கு வந்தது. மூன்று பேர். என் மனைவியிடம்தான் முதலில் பேசினார்கள். மாதத்தில் ஒரு சாயங்காலம் போய்விடும், சந்தா உண்டு, தர்மத்துக்கும் கொடுக்க வேண்டும், இதனால் வீட்டுச் செலவுக்குக் குறை வருமா என்று அவளிடம் நேராகவே கேட்டார்கள். குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு வருகிறவர் எங்களுக்கு வேண்டாம் என்றார் ஒருவர். அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் இந்த விஷயத்தில் நம்பிக்கை வந்தது என்று பின்னால் சொன்னாள்.

கமிட்டியில் மூத்தவர் உத்தரவு நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கேஸ் எப்படி முடிந்தது என்பதைவிட, கேஸ் நடந்தபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதில்தான் அவருக்கு அக்கறை. ஃப்ரீமேசன்களின் முதல் கிராண்ட் லாட்ஜ் லண்டனில் 1717-ல் அமைந்தது. 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த அவர்களுடைய சட்டநூலில் வழக்கைப் பற்றியே ஒரு பகுதி உண்டு என்று விளக்கினார். வேறு வழியே இல்லாதபோதுதான் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வெளியாளோடு வழக்கு என்றாலும் சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொல்லும் நல்லவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும், சகோதரர்களுக்குள் வழக்கு வந்தே தீரும் என்றால் கோபமும் வஞ்சமும் இல்லாமல் நடத்த வேண்டும். இதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்:

"அந்த வியாபாரியும் நீங்களும் இப்போ பேசிக்கிறீங்களா?"

பேசுவோம், ஆனால் அடிக்கடி இல்லை என்றேன்.

"அவர்கிட்ட நாங்க பேசினா உங்களுக்குச் சங்கடம் இல்லையே?"

நெஞ்சு படபடத்தது. என் மேல் கேஸ் போட்ட மனுஷனின் வாய்ச்சொல்லில் என் விண்ணப்பம் தொங்கியது. ஆனாலும் போன் நம்பரைக் கொடுத்தேன். அங்கேயே, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஈர லோடு வந்தது நெசந்தானுங்க. கோவத்துல நானும் செக்கப் போட்டுட்டேன். அவரு கோர்ட்டுல ஒருநாள் கூட என்னைய மரியாதக் குறைவா பேசுனதில்லீங்க. பணம் முழுசா வந்துருச்சு. ஆளு மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க."

இந்த அலைச்சலுக்கெல்லாம் எனக்குக் கிடைத்த கூலி அந்தப் பேச்சுதான். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஓட்டெடுப்பு. ஒவ்வொருவரும் பெட்டிக்குள் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்கள். யார் எதைப் போட்டார் என்று தெரியாது, காரணம் கேட்கவும் முடியாது. சில லாட்ஜ்களில் ஒரு கறுப்பு விழுந்தாலே விண்ணப்பம் போச்சு. ராத்திரி அண்ணா போன் செய்து, "எல்லாம் வெள்ளை" என்றார்.

சேர நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். யாரும் உங்களை வற்புறுத்திச் சேர்க்கக் கூடாது, விருப்பம் உங்களிடமிருந்து வர வேண்டும். ஆதாயத்துக்காக வரவில்லை என்று உங்கள் மானத்தின் மேல் சொல்லச் சொல்வார்கள். அதனால் செக்போஸ்டில் லாரியை விடுவிக்கலாம், டெண்டர் வாங்கலாம் என்ற கணக்கில் யாரும் வர வேண்டாம். உறுப்பினராக்குகிறேன், கோடீஸ்வரனாக்குகிறேன் என்று வாட்ஸாப்பில் பணம் கேட்டால் அது சுத்த மோசடி, உடனே பிளாக் செய்யுங்கள். நம் நாட்டில் இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961-லிருந்து இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அவர்கள் மூலமாக உங்கள் பகுதி லாட்ஜை விசாரித்துக்கொள்ளலாம்.

செக் கேஸ் மாதிரி ஏதாவது முடிந்து கிடந்தால், லாட்ஜில் சேர்கிறீர்களோ இல்லையோ, சான்றிட்ட நகலை இப்போதே வாங்கிவிடுங்கள். இரண்டாக வாங்குங்கள். நான் வாங்கிய ஒன்றை லாட்ஜ் ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றுக்காக நான் மறுபடி அதே நகல் பிரிவில் மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.