மைக்கை அணைக்க மறந்த நாள்

இன்று பேருந்தில் யாரோ ‘7ஜி ரெயின்போ காலனி’ படத்தின் ‘கனா காணும் காலங்கள்’ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். நடுவில் உஸ்தாத் சுல்தான் கானின் குரல் வந்ததும் நேராகக் கல்லூரி வானொலி அறைக்கே போய்விட்டேன்.

2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் 90.4 எஃப்.எம்-இல் தன் வானொலியைத் தொடங்கியிருந்தது. நாட்டிலேயே வளாக வானொலிக்கு அதுதான் முன்னோடி. சில வருடம் கழித்து எங்கள் கல்லூரியிலும் ஒன்று வந்தது. ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர், சுவரெல்லாம் முட்டைத் தட்டு, மின்விசிறி போட்டால் இரைச்சல் என்று அதையும் அணைத்துவிடுவோம். வியர்வையில் நனைந்துகொண்டே ‘குளிர்ச்சியான மாலை வணக்கம்’ சொல்ல வேண்டும்! செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அதனால் பக்கத்துக் குப்பத்து அக்காக்களை உட்காரவைத்துப் பேசவிடுவோம். மீன் குழம்பு, ரேஷன் கடை, பிள்ளைகளின் ஃபீஸ். உண்மையில் அதுதான் எங்கள் நல்ல நிகழ்ச்சி.

ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து, இதே பாட்டை முழுசாக முனகித் தொலைத்தேன். சுருதி சுத்தமாக இல்லை. மறுநாள் ஒரு அக்கா, “தம்பி, நேத்து ரேடியோவுல யாருப்பா அழுதது?” என்று கேட்டார்.

‘7ஜி ரெயின்போ காலனி’யை அதன்பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். கதையைவிட யுவனும் நா. முத்துக்குமாரும்தான் எனக்கு அந்தப் படம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தேன்.