பழைய எம்எக்ஸ்-5-க்குக் கிளட்ச் மாற்றிய கதை

காலையில் வண்டியை எடுத்தால் ரிவர்ஸ் கியர் கரகரவென்று கத்தும். அதே வண்டி தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பைன்டவுன் தாண்டி எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது, நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும்தான் உறுமும். ஆர்பிஎம் முள் மேலே ஓடும், ஸ்பீடாமீட்டர் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னாலேயே ஒரு கருகல் நாற்றம்.

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், முதல் மாடல், 1.6 லிட்டர் இன்ஜின். இரண்டு தொல்லையையும் ஒரு பட்டறையில் சொன்னேன். “கிளட்ச் போச்சு, செட்டாக மாற்றணும்” என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சாட்ஸ்வர்த் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, ரிவர்ஸ் கத்துதுன்னா கிளட்ச் விடமாட்டேங்குது. மேட்டுல வழுக்குதுன்னா பிடிக்கமாட்டேங்குது. ரெண்டும் ஒரே நோயா?”

எல்லாம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது. இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தும் அது முழுதாக விலகாவிட்டால் கியர் கத்தும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஹைட்ராலிக் பக்கம், அதாவது பெடல் மிதியைத் திரவ அழுத்தமாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பகுதி. அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விலக்கும், கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது இந்த மாடலில் பேர்போன வியாதி. வண்டியைத் தூக்கி அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் போதும், உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். எங்களுடையதில் சொட்டவே செய்தது. இரண்டு போல்ட், ஒரு குழாய், அவ்வளவுதான் வேலை. புதியதை மாட்டி, ஒருவர் பெடல் மிதிக்க ஒருவர் நிப்பிள் திறக்கக் காற்றை வெளியேற்றினோம். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. மேட்டில் வழுக்கல் மட்டும் அப்படியே.

உடனே கியர் பாக்ஸை இறக்க அங்கிள் விடவில்லை. பெடலை அழுத்தத் தொடங்கும்போது எதையும் தள்ளாமல் சில மில்லிமீட்டர் சும்மா நகர்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் தண்டு எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்கூட அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். அது சரியாகவே இருந்தது. அப்படியானால் பிளேட்தான்.

கிளட்ச் பிடிக்கிறதா என்று அறிய, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இவ்வளவு பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கே சந்தேகத்துக்குரியது, மிச்சமிருக்கும் பிளேட்டையும் அது எரித்துவிடும். நல்ல ஏற்றமும் மேல் கியரும் இருந்தால் வேறு சோதனை வேண்டாம்.

சாமான் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.6 இன்ஜினுக்கு 200 மி.மீ. பிளேட், பின்னால் வந்த 1.8-க்கு 215 மி.மீ. “எம்எக்ஸ்-5” என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டுவார். 1.8-இன் ஃபிளைவீலோடு (பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் பக்கச் சக்கரம்) சேர்த்துப் பெரிய கிளட்சைப் பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் சேர்ந்த கிட்டோடு, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் வாங்கினேன். கியர் பாக்ஸ் இறங்கியபின் அந்தச் சீலை மாற்றாமல் விடுவதைப் போன்ற கஞ்சத்தனம் வேறில்லை. அது கசிந்தால் புதுப் பிளேட்டில் எண்ணெய் பட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தைப்பூசக் காவடிக்கு அங்கிள் விரதம் இருந்தார். அது முடிந்துதான் கை வைத்தோம். பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் வண்டிக்கடியில் படுத்துக் கிடப்பது தனி விரதம்.

பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியை நான்கு ஸ்டாண்டில் உயரமாக நிறுத்தினோம். உள்ளிருந்து கியர் லீவரை எடுத்து, கியர் ஆயிலை வடித்து, சைலன்சர் பைப், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் இறக்கினோம். இந்த வண்டியில் கியர் பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. கியர் பாக்ஸைத் தாங்கி நிற்பதும் அதுதான். அதனால் கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தொடக்கூடாது. பொறுமையைச் சோதித்தவை பெல் ஹவுசிங்கின் (கியர் பாக்ஸின் முன்பக்கம் கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேல் போல்ட்டுகள். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று கோர்த்து, கியர் பாக்ஸின் மேல் வழியாகப் பின்னாலிருந்து நீட்டித் தடவித்தான் பிடிக்க முடியும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்டும் அதே ஜாதி.

கழற்றிய பிளேட்டில் ரிவெட் தலைகள், உரசிப் பிடிக்கும் மேற்பரப்பான லைனிங்கோடு சமமாகிவிட்டன. ரிவெட்டுக்கு மேல் 0.3 மி.மீ.யாவது லைனிங் இருக்க வேண்டும். ஃபிளைவீல் தேய்த்த கடப்பாக்கல் போல மினுங்கியது, ஆங்காங்கே சூட்டில் நீலம் பாய்ந்த புள்ளிகள். அதைக் கழற்றி ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினோம். திரும்ப மாட்டும்போது ஃபிளைவீல் போல்ட்டுகளின் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். இல்லாவிட்டால் அந்த வழியாகவும் ஆயில் கசியும்.

பிளேட்டின் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். கிட்டோடு வந்த பிளாஸ்டிக் குச்சியைச் செருகி நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். பிளேட் கோர்த்து உட்காரும் தண்டின் பற்களில் (ஸ்பிளைன்) கிரீஸ் மெல்லிய பூச்சு போதும், அதிகமானால் சுழலும்போது பிளேட்டில் தெறிக்கும். கியர் பாக்ஸ் ஏறும்போது அதன் பாரம் பிளேட்டின் மையத்தில் தொங்கவே கூடாது. “போல்ட்டை முறுக்கி இழுக்காதே, தானா உட்காரணும்,” என்று அங்கிள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜாக்கியைச் சற்றுச் சாய்த்து, பின்முனையை அசைத்துக்கொடுத்தபோது டப்பென்று உட்கார்ந்தது.

கியர் லீவர் உட்காரும் குழிக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கிழிந்திருந்த லீவர் ரப்பரையும் மாற்றியதில் காலில் அடித்துக்கொண்டிருந்த சூடு நின்றது. கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில், சுமார் 2 லிட்டர்.

பெடல் இப்போது முன்பைவிடக் கீழேயே பிடிக்கிறது. சில நூறு கிலோமீட்டர் வரை திடீர் முறுக்கல் வேண்டாம் என்று உத்தரவு. டிஃபரென்ஷியல் பக்கம் ஒரு மெல்லிய முனகல் கேட்கிறது. அதைப் பங்குனி உத்திரம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார் அங்கிள்.