தையல் இயந்திரக் கடைக்கு இணையதளம்: என் நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவருக்கு இணையதளம் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவின் துணையோடு, கூடிய விரைவில். நடப்பதை அவ்வப்போது இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

என்ன தொழில், என்ன வேண்டும் என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். சில நிமிடங்களில் முழுப் பக்கமும் கைக்கு வந்துவிட்டது. முகப்பு, சேவைகள், வாடிக்கையாளர் கருத்துகள், தொடர்புப் படிவம் எல்லாம் இருந்தன. கைப்பேசியில் திறந்தாலும் ஒழுங்காக அடங்கியது. வார்ப்புரு தேடி அலைந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம்தான்.

படிக்கத் தொடங்கியதும்தான் திடுக்கிட்டேன். "25 ஆண்டு அனுபவம்" என்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. கீழே மூன்று பேர், பெயரோடும் ஐந்து நட்சத்திரங்களோடும் பாராட்டியிருக்கிறார்கள். அண்ணனிடம் காட்டினேன். "யார் இவர்கள்? என்னிடம் வந்தவர்களா?" என்று கேட்டார். அப்படி யாரும் கிடையாது. பக்கத்தை நிரப்புவதற்காகச் செயற்கை நுண்ணறிவே உண்டாக்கிய ஆட்கள்.

அந்தப் பகுதியை அடியோடு நீக்கினேன். பிறகு நிஜப் பெயர்களை இட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், அது அப்படியே வெளியாகிவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024இல் போலி விமர்சனங்களைத் தடைசெய்து விதியே கொண்டுவந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதும் போலிகளும் அதில் அடக்கம். சட்டம் இருக்கட்டும். கடைக்காரரின் பெயரில் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதலில் கணினியைத் திறக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

"சேவைகள் என்று என்ன போடலாம், அண்ணா?" என்று கேட்டபோது, "எல்லா இயந்திரமும் பார்ப்பேன் தம்பி" என்பதோடு முடித்துக்கொண்டார். கேள்வியை மாற்றினேன்: "போன் செய்கிறவர்கள் முதலில் என்ன சொல்வார்கள்?" பிறகு அவர் நிறுத்தவே இல்லை.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். தையல் விட்டு விட்டு விழுகிறது என்பார்கள். துணி நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது, அடியில் நூல் சிக்கிக் கொத்தாகச் சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. தையல் விட்டுப் போனால் முதலில் ஊசியைச் சந்தேகிக்க வேண்டுமாம். வளைந்திருக்கலாம், மழுங்கியிருக்கலாம், தட்டையான பக்கம் திசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். துணி நகராவிட்டால் அதைத் தள்ளும் பற்களுக்கிடையே பஞ்சு அடைத்திருக்கும். அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படாததே காரணம். "புது ஊசி போட்டுப் பாருங்கள், சரியாகாவிட்டால் கொண்டுவாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுவேன்" என்றார்.

இணையதளத்தின் உயிர் இதுதான். இயந்திரம் பழுதான வீட்டில் இருப்பவர் "முழுமையான பராமரிப்புச் சேவை" என்று தேடுவதில்லை. தன் கண்ணெதிரே நடப்பதைத்தான் தேடுவார். ஆகவே பக்கத்தைச் சேவைகளின் பெயரில் அல்ல, கோளாறுகளின் பெயரில் அடுக்கப்போகிறேன்.

பிறகு பேச்சைக் குறிப்பெடுத்தபடியே செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, கூடவே ஒரு கட்டளையும் எழுதினேன்: "நான் தராத எந்தத் தகவலையும் சேர்க்காதே. தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, என்னிடம் கேள்வி கேள்." இந்த இரண்டு வரிகளும் இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். வந்த கேள்விகள் அருமையானவை. இயந்திரத்தைக் கடையில் விட்டுச் செல்ல வேண்டுமா, வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? உதிரி பாகம் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்? மதிப்பீடு சொன்ன பிறகு வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் கட்டணம் உண்டா? கடைசிக் கேள்விக்கு அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

தொடர்புப் படிவத்தைச் சோதித்தேன். பெயர், எண், செய்தி எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். பச்சை நிறத்தில் "நன்றி! விரைவில் தொடர்புகொள்வோம்" என்று வந்தது. அண்ணனின் மின்னஞ்சலைப் பார்த்தால் எதுவும் வரவில்லை. குப்பை அஞ்சலிலும் இல்லை.

நிரலைத் திறந்து பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்) செய்வது மூன்றே வேலைகள். உலாவி வழக்கமாக அனுப்பும் முறையைத் தடுக்கிறது, எழுதியதை அழிக்கிறது, நன்றி சொல்கிறது. செய்தி எங்கும் போவதில்லை. பக்கத்தின் அமைப்பை மட்டும் எழுதும் வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தால் தானாக மின்னஞ்சல் அனுப்ப முடியாது. அதை வாங்கி அனுப்ப வழங்கியோ (சர்வர்), படிவச் சேவையோ பின்னால் இருக்க வேண்டும். இங்கே அது இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. ஒருவர் நம்பி எழுதிவிட்டு அழைப்புக்காகக் காத்துக் கிடப்பார். அண்ணனோ யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். எனக்குக் கோபமே வந்தது.

படிவத்தை எடுத்துவிட்டேன். அழுத்தினால் அழைக்கும் பொத்தான் ஒன்று, வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று. வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் எழுத வேண்டும். அண்ணனுக்கும் இதுவே வசதி, இயந்திரத்தின் படத்தை வாடிக்கையாளர் உடனே அனுப்பிவிடலாம். படிவம் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பச்சை எழுத்தை நம்பாதீர்கள். அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு வெளியிடுங்கள்.

ஜூன் 6, வெள்ளி

படங்கள். செயற்கையாக வரைந்து தரச் சொன்னேன். பளபளப்பான இயந்திரம் வந்தது, நூல் மட்டும் ஊசியின் காதில் நுழையாமல் பக்கவாட்டில் போகிறது. தையல் தெரிந்த யாரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அண்ணனின் மேசை, கருவிகள், பிரித்து வைத்த இயந்திரம் ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே எடுத்தோம். ஒவ்வொன்றும் பல மெகாபைட். அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) என்ற, இணையத்துக்கான சிறிய பட வடிவத்துக்கு மாற்றியதும் மிகவும் சிறிதாகிவிட்டன. பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பெரிய படங்களைச் சுருக்காமல் போட்டிருந்தால் அதை எட்டியிருக்க முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து; பார்க்க நாகரிகம், வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, பார்வை குறைந்தவர்களும் படிக்க உதவும் அணுகல்தன்மை வழிகாட்டுதல். நிறத்தை அழுத்தமாக்கினேன். வரி இடைவெளியையும் கூட்டினேன். மேல்வரியின் உகரக் குறிகள் கீழ்வரியின் இகரக் குறிகளில் முட்டிக்கொண்டிருந்தன. ஆங்கிலத்துக்குப் பழகிய அளவுகள் தமிழுக்குப் பொருந்துவதில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலிலேயே குறிப்பிட்டேன், பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் சரியாக உச்சரிக்க அது உதவும்.

ஒன்றைத் திருத்தச் சொன்னால் கேட்காத வேறொன்றும் மாறிவிடுகிறது. நிறத்தை மாற்றச் சொன்ன நேரத்தில் கடையின் வேலை நேரம் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது. கிட் (Git) என்ற, பதிப்புகளைச் சேமித்துவைக்கும் மென்பொருளில் பழைய பதிப்பு இருந்ததால் ஒப்பிட்டு மீட்டேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்பு சேமித்துவிடுங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

தளப் பெயரை (இணைய முகவரியை) அண்ணனின் பெயரில், அண்ணனின் மின்னஞ்சலில் பதிவு செய்தோம். செய்து கொடுப்பவரின் கணக்கில் வைத்துவிட்டு, பின்னால் மீட்க முடியாமல் தவிக்கும் சிறு தொழில்கள் உண்டு. கடவுச்சொல்லை அவரே வைத்திருக்கிறார், இருபடிச் சரிபார்ப்பும் போட்டாயிற்று. தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ், அதை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசம். 90 நாளில் காலாவதியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்தேன். தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம் என்று சோதனைக்காகப் போட்டிருந்த வரியையும் நீக்கினேன். இரவே தளம் திறந்தது.

ஜூன் 13, வெள்ளி

முதல் விசாரணை வந்திருக்கிறது. கணினி வழி எம்பிராய்டரி இயந்திரத்தைப் பழுதுபார்ப்பீர்களா என்று ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார். அண்ணன் அந்த வேலை செய்வதில்லை. தெரிந்த வேறொருவரிடம் அனுப்பிவைத்தார். பக்கத்தில் எங்குமே அது சொல்லப்படவில்லை. செயற்கை நுண்ணறிவும் இதைக் கேட்கவில்லை. செய்யாத வேலைகள் என்னென்ன என்று அண்ணனிடம் கேட்டு, "நாங்கள் பார்க்காத இயந்திரங்கள்" என்ற தலைப்பில் மூன்று வரி சேர்த்தேன். அலைந்து வந்து திரும்பிப் போக வேண்டியதில்லை என்று அண்ணனுக்கும் திருப்தி.

அடுத்து, விடுமுறை நாட்களை அவரே கைப்பேசியிலிருந்து மாற்றும் வழி ஒன்று செய்ய வேண்டும். இப்போதைக்கு என்னிடம் சொன்னால் நான் மாற்றுகிறேன்.