39 இன்ச் பையனோடு டிஸ்னி வேர்ல்டு போய் வந்தோம்

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளைகளோடு கிளம்பும் நம் ஆட்கள் ஃப்ளைட், ஹோட்டல், ரூமில் சாதம் வடிக்கக் குட்டி ரைஸ் குக்கர் வரைக்கும் யோசித்து வைத்திருப்பார்கள். பிள்ளை எவ்வளவு உயரம் என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அங்கே பல ரைடுகளில் ஏற, குறைந்தது இத்தனை இன்ச் உயரம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் உயரத்தை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் போனது 2025 ஏப்ரலில். மகளுக்கு எட்டு வயது, 50 இன்ச் தாண்டியிருந்தாள், அவளுக்கு எதிலும் ஏறத் தடை இல்லை. மகனுக்கு நாலரை வயது, 39 இன்ச். செ.மீ. கணக்கில் 99. எந்த நாளில் எந்தப் பார்க், யார் எதில் ஏறுவது, யார் வெளியே நிற்பது என்று எல்லாவற்றையும் அவனுடைய அந்த 39-ஐ வைத்துத்தான் முடிவு செய்தோம்.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு முக்கியமான கோடு இரண்டு, 38 இன்ச்சும் 40 இன்ச்சும். 38 வந்துவிட்டால் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஸ்லிங்கி டாக் டேஷ், ஸ்டார் வார்ஸ் பக்கம் இருக்கும் மில்லேனியம் ஃபால்கன் எல்லாம் திறந்துவிடும். 40 வந்தால் டியானாஸ் பேயு அட்வெஞ்சர், சோரின், டவர் ஆஃப் டெரர். ஸ்பேஸ் மவுண்டன், எவரெஸ்ட், அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் மூன்றுக்கும் 44. ட்ரானுக்கு 48. இன்னும் சின்னவர்கள் என்றால் 35 இன்ச்சில் பார்ன்ஸ்டார்மர் என்ற குட்டி ரோலர் கோஸ்டர் இருக்கிறது. ஸ்பீட்வே காரில் 32 இன்ச்சிலேயே பெரியவர்களோடு உட்காரலாம், தனியாக ஓட்டத்தான் 54 வேண்டும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா போய் வந்த தோழி ஒருத்தி ஸ்பேஸ் மவுண்டனுக்கு 40 போதும் என்று சொன்னாள். அவள் சொன்னதும் சரிதான், அங்கே 40தான். ஃப்ளோரிடாவில் 44. பெயர் ஒன்றே என்றாலும் தண்டவாளமும் வண்டியும் வேறு. எந்தப் பார்க் போகிறோமோ அந்தப் பார்க்கின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அளப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. அமெரிக்க வீடுகளில் பாதி இடம் கார்ப்பெட்டாக இருக்கும், அதில் நிறுத்தினால் கால் அமுங்கி அளவு குறையும். சுவர் ஓரமாக நிறுத்தினால் கீழே ஓடும் மரச்சட்டம் குதிகாலைத் தள்ளிவிடும். அதனால் சமையலறைத் தரையில், கதவுச் சட்டத்தின் பட்டையான பக்கத்தில் முதுகு ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கை வாட்டில் வைத்துக் கோடு போட்டோம். பெண் பிள்ளை என்றால் கொண்டையை அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். ரொம்ப முக்கியம், சாயங்காலம் அளந்து பாருங்கள். நாள் முழுக்க ஓடியாடும்போது முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் அழுந்தி எல்லோருமே கொஞ்சம் குறைகிறோம். காலையில் கோட்டைத் தொடும் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கும்போது தொடாமல் போகலாம்.

எங்களை அங்கே ஷூவோடுதான் அளந்தார்கள். ஆனால் தண்ணீர் ரைடு இருக்கிறதே என்று அன்றைக்கு மெல்லிசுச் செருப்பு போட்டுக் கூட்டிப்போனால் கணக்கு மாறிவிடும். காளி ரிவர் ரேபிட்ஸுக்கு 38 வேண்டும். ஷூ போட்டால் மட்டும் 38 வருகிற பிள்ளையை அன்றைக்குச் செருப்பில் கூட்டிப்போகாதீர்கள்.

அளந்த பிறகு அந்தக் கதவுச் சட்டத்தில் கலர் டேப் ஒட்டினேன். 38-க்குப் பச்சை, 40-க்கு மஞ்சள், 44-க்குச் சிவப்பு. பக்கத்திலேயே அந்தந்த ரைடின் படத்தையும் ஒட்டினேன். பையன் தினமும் போய் நின்று பார்ப்பான். பச்சைக்கு மேலே தலை, மஞ்சளுக்குக் கீழே தலை. "அம்மா, நான் பச்சைப் பையன்தானே?" என்று கேட்பான். "ஆமாடா, இந்த வருஷம் பச்சை" என்பேன். குனிந்து உட்கார்ந்து பெரிதாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதி நாள் வெயிலில் நின்ற களைப்பில், நூறு பேர் நடுவில், அக்கா உள்ளே போக அவனை மட்டும் நிறுத்தி "உனக்கு இல்லை" என்று சொல்வதற்குப் பதில், அதே செய்தியை அவன் வீட்டுக் கதவில் தானே கண்டுபிடித்துக்கொண்டான்.

சொந்தத்தில் ஒருவர் ஷூவுக்குள் கூடுதலாக ஒரு சோல் வைத்தால் 40 வந்துவிடுமே என்றார். என் மாமியாரும் மதுரையிலிருந்து வந்திருந்தார், "ஒரு விரற்கடைதானே, விட மாட்டானா?" என்றார். அவர்கள் ஆசையில் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன்.

உயரம் என்று வைத்திருப்பது தைரியத்தை அளக்க இல்லை. ரைடு சட்டென்று கீழே இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அப்போது பல ரைடுகளில் பிடித்து வைப்பது தொடைமேல் இறங்கும் கம்பிதான். பிள்ளை சின்னதாக இருந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்புக்கே வராது, கால் மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி தொடையை அழுத்தாமல் இடைவெளி விழும், அதன் அடியில் உடம்பு வழுக்கி நழுவ இடம் இருக்கும். இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே கம்பி என்றால் இன்னும் மோசம், அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும், பக்கத்தில் பிள்ளைக்கு மேலே வெற்றிடம்தான். இதையெல்லாம் வண்டி செய்கிறவர்கள் கணக்குப் போட்டு ஒரு கோடு வைக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த ரைடுகளுக்கான பாதுகாப்புத் தரங்களை எழுதுவதற்கென்றே ஏஎஸ்டிஎம் அமைப்பில் ஒரு குழு 1978-லிருந்து இருக்கிறது. வரிசையில் நிற்கும் பிள்ளையின் வயதுக்குச் சான்றிதழ் கேட்க முடியாது, எடை பார்க்க மெஷின் வைக்க முடியாது. உயரத்தை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். ஷூவுக்குள் சோல் வைத்தால் தலை உயரும், தொடை நீளாது. அதனால் நாங்கள் வைக்கவில்லை, யாரும் வைக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

மைன் ட்ரெயின் வாசலில் ஊழியர் அவனை அளவுகோலுக்குக் கீழே நிற்கச் சொன்னார். குதிகால் தரையில், பார்வை நேராக. தலையில் கம்பி தட்டியது. சரி, போ என்று கை காட்டினார். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்லிங்கியில் வாசலில் ஒரு முறையும் ஏறும் இடத்தில் மறுபடியும் அளந்தார்கள், அதனால் வாசல் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாகிவிட முடியாது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை 14 வயதாவது நிரம்பிய ஒருவரோடுதான் ஏற வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எட்டு வயது அக்கா தம்பியைக் கூட்டிப்போக முடியாது. மைன் ட்ரெயினில் வரிசைக்கு இரண்டு இருக்கை, ஆளுக்கொரு பிள்ளையாக நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

அடுத்து ரைடர் ஸ்விட்ச், அதாவது ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்க மற்றவர் ஏறி, பிறகு மாறிக்கொள்ளும் வசதி. இது பலருக்குத் தெரிவதே இல்லை, காசும் கிடையாது. மகனுக்கு உயரம் பத்தாத ரைடு வாசலுக்கு நாலு பேருமாகப் போனோம். சின்னவனும் கூட இருக்க வேண்டும், அவனைப் பார்த்தால்தான் கொடுப்பார்கள். "ரைடர் ஸ்விட்ச் வேண்டும்" என்று கேட்டதும் வெளியே நிற்கப்போகிறவரின் டிக்கெட்டை ஸ்கேன் செய்துகொண்டார்கள். முதலில் என் கணவரும் மகளும் சாதாரண வரிசையில் போனார்கள். அவர்கள் முடித்து வந்த பிறகு நான் லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை வழியாக, அந்த நீள வரிசையில் நிற்காமல் உள்ளே போனேன். என்னோடு மகளையும் இன்னொரு தடவை அனுப்பினார்கள், அவளுக்கு ஒரே கொண்டாட்டம். இதைப் போனில் நீங்களாகவே எடுத்துக்கொள்ள முடியாது, வாசலில் நிற்கும் ஊழியரிடம்தான் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்தக் காத்திருப்பு நேரத்தை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. ஸ்பேஸ் மவுண்டனுக்கு அக்காவும் அப்பாவும் வரிசையில் நின்றபோது நானும் மகனும் பக்கத்திலேயே இருக்கும் பீப்பிள் மூவரில் ஏறினோம். மெதுவாக ஊர்ந்து போகும் உயரப் பாதை, உயரக் கட்டுப்பாடே இல்லை. அது ஸ்பேஸ் மவுண்டன் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது! இருட்டு, எங்கிருந்தோ வரும் கூச்சல், சரேலென்று போகும் சத்தம். "அக்கா உள்ளே கத்துறாளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வெளியே வந்ததும், 44 ஆனபிறகு போகலாம், இப்போது வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

டியானா மட்டும் கஷ்டமாக இருந்தது. சுமார் 50 அடி உயரத்திலிருந்து மரக்கட்டை வண்டி விழுவது வழியில் போகும் எல்லோருக்கும் தெரியும். நின்று நின்று பார்த்தான், கண்ணில் தண்ணீர் முட்டியது. "நான் மஞ்சள் இல்லையில்ல?" என்றான். இல்லைடா கண்ணா என்று தூக்கிக்கொண்டேன். டேப் ஒட்டியதால் அழுகையே வராது என்றில்லை. ஆனால் ஏமாற்றப்பட்ட அழுகையாக அது இருக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கியும் போயிற்று.

உயரக் கட்டுப்பாடு இல்லையென்றால் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஹாண்டட் மேன்ஷனுக்கு எந்த உயரமும் வேண்டாம், ஆனால் அந்த இருட்டில் மகன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாறாக, 40 கேட்கும் சோரின் காற்றில் மிதப்பது போன்ற சாதுவான ரைடுதான் என்று மகள் சொன்னாள். உயரத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பயத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது கூட்டிப்போவது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று வயது ஆகும்வரை டிக்கெட் இல்லை என்பதால் பிறந்தநாளுக்கு முன்னால் போய்விட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரே குழந்தை என்றால் அது நல்ல யோசனைதான், அந்த வயதுக்கு டம்போவும் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டும் தாராளம். மூத்த பிள்ளை இருக்கிறது, ரைடுக்கு ஏங்குகிறது என்றால் சின்னது 40 இன்ச் தொடும்வரை பொறுத்துப் போவதுதான் என் அபிப்பிராயம். பொறுக்க முடியாதென்றால் தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிப்போங்கள். அனிமல் கிங்டம் அன்றைக்கு மாமியார் பேரனை வைத்துக்கொண்டதால், எவரெஸ்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகவே ஏறினோம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் டிஸ்னியின் சொந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். நாங்கள் போனபோது பிக் தண்டர் மவுண்டன் மராமத்துக்காக மூடியிருந்தது. முன்பே பார்த்திருந்ததால் அதன் படத்தை எங்கள் கதவில் ஒட்டவே இல்லை.