மிதிபட்ட ஒரு முழம் மல்லிகை

பல வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறேன், எத்தனை விரதம் இருந்தேன், எத்தனை விளக்குப் போட்டேன் என்று மனசுக்குள் கணக்கும் வைத்திருக்கிறேன். நேற்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி, கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு முழம் மல்லிகை, ஈரம் சொட்டச் சொட்ட. சன்னதியை நெருங்கும்போது ஒருவர் இடித்துக்கொண்டு முன்னே போனதில் பூ கீழே விழுந்து மிதிபட்டது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பாட்டி என் கையைப் பிடித்து, "விடுப்பா, என்ன கஷ்டமோ, ஆத்தாகிட்ட சொல்ல ஓடுறாரு" என்றார்.

கீதையின் 12ஆம் அத்தியாயத்தில், தனக்குப் பிரியமான பக்தன் எந்த உயிரையும் வெறுக்காதவன், பொறுமையுள்ளவன், இன்ப துன்பத்தைச் சமமாக எடுத்துக்கொள்பவன் என்கிறார் கண்ணன். படித்ததுதான். நேரில் பார்த்தது நேற்றுதான்.

நம்ம மதுரையில் புட்டு விற்ற வந்திக் கிழவியும் அப்படித்தானே? வைகைக் கரையை அடைக்க அனுப்ப ஆளில்லாத அவளுக்காக, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சொக்கநாதரே மண் சுமந்தார். ஆவணியில் புட்டுத்தோப்புக்குச் சுவாமி எழுந்தருளும்போதெல்லாம் அவள்தான் என் நினைவுக்கு வருவாள்.

கும்பிடக் கும்பிட எரிச்சல் குறைகிறதா, வீட்டில் என் குரல் தணிகிறதா? என் பக்தி வளர்கிறதா என்பதற்கு இனி அதைத்தான் அடையாளமாகப் பார்க்கப் போகிறேன். கனவில் அம்மன் வந்தாளா என்பதெல்லாம் அப்புறம்.

வெளியே வந்ததும் பாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் கிள்ளிப் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்துவிட்டார்.