ஆயிரம் துண்டும் வெள்ளை

போன மழைக்காலத்தில் முழு வெள்ளை ஜிக்சா ஒன்றை, அதாவது அட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சேர்க்கும் புதிரை, அடுக்கி முடித்தேன். ஆயிரம் துண்டு. படம் கிடையாது, எழுத்து கிடையாது, எல்லாத் துண்டும் ஒரே வெள்ளை. சிங்கப்பூரிலிருந்து அக்கா வாங்கி வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "இதுக்கு ரொம்பப் பொறுமை வேணுமே" என்றார்கள். பொறுமை வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பாதியில் பெட்டியை மூடிவிடுவோம். துண்டுகளை எப்படிப் பிரித்து வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

முதலில் இடம். அடுக்கி முடித்தால் 70 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம் வரும். வடசென்னை காசிமேட்டில் எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய மேசை இல்லை. தரையில் பரப்பினால் நடக்க வழியில்லை. தம்பியின் கேரம் போர்டு கைகொடுத்தது. கேரம் இந்தப் பக்கத்து ஆட்டம். 2024இல் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். போர்டில் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், அதனால் ஜிக்சா உள்ளே அடங்கிவிடும். சுற்றியிருக்கும் மரச்சட்டம் ஒரு துண்டையும் கீழே விழவிடாது. பவுடரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நான்கு பாக்கெட்டையும் அட்டை வைத்து மூடினேன். பலகை வழவழப்பாக இருந்ததால், சேர்ந்த பகுதிகளை உடையாமல் தள்ளி நகர்த்த முடிந்தது. ராத்திரி அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம்.

அப்புறம் பிரிப்பது. எங்கள் பெட்டியில் குறுக்கே 40, நெடுக்கே 25 என்று வெட்டியிருந்தார்கள். அப்படியென்றால் ஓரத்துண்டு 126, உள்துண்டு 874. ஓரத்தை யாரும் எடுத்துவிடலாம், உள்ளேதான் வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குமிழ் அல்லது ஒரு குழி. எத்தனை குமிழ், இரண்டு இருந்தால் எதிரெதிரா அடுத்தடுத்தா என்று பார்த்தால் மொத்தம் ஆறே வகை. இதில் எதிரெதிர்க் குமிழ் வகைதான் மலைபோல் குவிந்தது. அதை அப்படியே விட்டால் பிரித்ததற்குப் பலனே இல்லை.

அதற்கு ஒரு கணக்கு உதவியது. 70ஐ 40ஆல் வகுத்தால் 1.75, 50ஐ 25ஆல் வகுத்தால் 2. அதாவது துண்டு சரியான சதுரம் இல்லை, ஒரு வாக்கில் கொஞ்சம் நீளம். இந்தக் கால் சென்டிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பினால் தெரிந்துவிடும். எந்தத் துண்டு எந்த வாக்கில் உட்காரும் என்று அதில் பிடிபட்டது. நான்கு விதமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியது இரண்டானது. பெரிய குவியலும் இரண்டாகப் பிரிந்தது. அதற்குமேல் குமிழின் கழுத்து: ஒல்லி, தடி, இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றையும் ஸ்வீட் பாக்ஸ் மூடிகளில் தனித்தனியாக வைத்தேன். நூற்றுக்கணக்கில் சோதிக்க வேண்டிய ஓர் இடத்துக்கு முப்பது நாற்பது துண்டு பார்த்தால் போதும் என்று ஆனது.

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் உலகப் படத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் படிக்க விற்றார். அதில் துண்டின் ஓரம்தான் நாட்டின் ஓரம். வெள்ளை ஜிக்சாவும் நம்மை அந்த ஓரத்தைத்தான் பார்க்க வைக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

முழுச் சட்டத்தையும் முதலில் கட்டிவிடு என்பார்கள். ஒரே நிற ஜிக்சாவுக்கு அது சரிவராது. ஓரத்துண்டுகள் ஒன்றையொன்று ஒரே ஒரு பக்கத்தில்தான் தொடுகின்றன. பொய்யாகப் பொருந்தினாலும் காட்டிக்கொடுக்க வேறு துண்டு இல்லை. நான் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, மேல் ஓரமும் இடது ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக நீள, நடுவையும் கூடவே நிரப்பிக்கொண்டு போனேன். அப்படிப் போனால் அடுத்த துண்டுக்கு எப்போதும் இரண்டு பக்கம் தெரிந்திருக்கும்.

பொய்ப் பொருத்தம் என்றேன் அல்லவா, இதில் பெரிய தொல்லை அதுதான். சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் அந்த இடத்துத் துண்டாக இருக்காது. இதற்கு வழி சொன்னது என் மாமா. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில், அட்டையை வளைந்த பிளேடால் அழுத்தி வெட்டும் டை கட்டிங் மெஷினில் வேலை பார்த்தவர். ஒரு வரிசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஒரே பிளேடும்மா. வளைஞ்சு வளைஞ்சு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓடியிருக்கு. நடுவுல எங்கயும் சட்டுனு முறியாது. நாலு துண்டு கூடுற முனையைப் பாரு."

அதற்குப் பிறகு நான் குமிழைப் பார்ப்பதைக் குறைத்து முனைகளைப் பார்க்கத் தொடங்கினேன். வெட்டுக்கோடு ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நெளிந்தபடியே போனால் சரி. முனையில் ஒரு சின்னப் படி மாதிரி தட்டினால், எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் சேர்ந்த இரண்டையும் தூக்கி ஜன்னல் பக்கம் பிடிப்பேன். இடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அது ஜோடி இல்லை.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தால் வெள்ளை மேல் வெள்ளை, ஒன்றுமே தெரியாது. மேசை விளக்கைப் பலகைக்குச் சமமாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு இடுக்கும் நிழல் கோடாக எழும்பி நிற்கும். காலையில் கடல் பக்கத்து ஜன்னல் வெயில் அதைவிட நல்லது. ஆனால் மழை நாளில் ஜன்னலைத் திறந்தே வைக்க முடியாது. ஈரக்காற்றில் அட்டை ஊதி, நேற்று வழுக்கி இறங்கிய துண்டுகள் இன்று அழுத்தினால்தான் இறங்கும். அந்த மாதிரி நாளில் அடுக்காமல், பிரிக்கும் வேலையை மட்டும் பார்த்தேன். கையில் எண்ணெயோ மஞ்சளோ இருந்தால் கிட்டேயே போகக் கூடாது, கறை அப்படியே தங்கிவிடும்.

பாதி தாண்டியதும் வேகம் கூடுகிறது. மூடிகளில் துண்டு குறையக் குறைய ஒவ்வொரு இடத்துக்கும் போட்டி குறையும். கடைசி நூறு துண்டை அம்மாவும் தம்பியும் சேர்ந்து ஒரே மூச்சில் வைத்தார்கள், நான் எடுத்துக் கொடுத்தேன்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் 500 துண்டில் தொடங்கலாம். நிறம் மட்டும் உள்ளதுதான் வேண்டுமென்றால் ராவன்ஸ்பர்கர் கம்பெனியின் கிரிப்ட் வரிசையில் கறுப்பு 736 துண்டு, வெள்ளி 654 துண்டு. எதை எடுத்தாலும் அட்டை தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய அட்டையில் கழுத்து சீக்கிரம் தளர்ந்துபோய், எது சரியான பொருத்தம் என்று விரலுக்குத் தெரியாமல் போய்விடும்.