வடக்கு வெளிச்சத்தில் ஒரு நூற்பாலை

கட்டடங்களை ஒளிப்படங்களாக ஆவணப்படுத்துவது என் தொழில். கோயில்களுக்கும் பழைய வீடுகளுக்கும் அழைப்பு வரும் அளவுக்கு, மூடிக் கிடக்கும் ஆலைகளுக்கு வருவதில்லை. வரும்போதும் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்: இயந்திரங்கள் எடைக்குப் போய்விட்டிருக்கும், நிலத்துக்கு விலை பேசி முடித்திருப்பார்கள், இடிப்பதற்கு முன் நினைவுக்காகச் சில படங்கள் வேண்டும் என்பார்கள். கோயம்புத்தூரில் 1930களில் எழுந்த நூற்பாலை ஒன்றுக்குள் நான் நுழைந்ததும் அப்படிப்பட்ட ஓர் அழைப்பின் பேரில்தான். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய ஆலையோடு இந்த ஊரின் பஞ்சாலை வரலாறு ஆரம்பித்தாலும், 1932இல் நீலகிரியிலுள்ள பைக்காராவின் நீர்மின்சாரம் வந்து சேர்ந்த பிறகே ஆலைகள் வரிசையாகப் பெருகின. நான் படமெடுத்த ஆலை அந்தப் பெருக்கத்தில் கட்டப்பட்டது.

உள்ளே போனதும் கண்ணை இழுப்பது கூரை. ரம்பப் பல் போல வரிசை வரிசையாக எழுந்து இறங்கும் அந்தக் கூரையில், ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கமும் வடக்கு நோக்கியிருக்கும். கண்ணாடி பதித்திருப்பது அந்தப் பக்கத்தில் மட்டும்தான். நேர் வெயில் உள்ளே விழாமல், நிழல் அடிக்காத சீரான வெளிச்சம் கூடம் முழுவதும் பரவ வேண்டும், நூலைச் சுற்றியபடி ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களில் எந்த இழை அறுந்தது என்று தொழிலாளியின் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இங்கிலாந்தின் ஆலைகளில் பழகி வந்த அமைப்பு. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். கோவையோ ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. சித்திரை, வைகாசியில் இந்தக் கூடத்தின் தரையில் வெயில் கட்டம் கட்டமாக விழுவதை நானே பார்த்தேன். கண்ணாடிகளின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேறு நாட்டுச் சூரியனுக்குப் போட்ட கூரையை இந்த ஊர்ச் சூரியனுக்குத் தக்கபடி யாரோ திருத்தியிருக்கிறார்கள்; அந்தப் பூச்சை மிக அருகில் சென்று, தூரிகையின் கோடுகள் தெரியும்படி எடுத்தேன்.

அந்த வெயில் கட்டங்கள் படத்தில் அழகாக விழும் என்பது உண்மை. ஆனால் வெயில் பட்ட இடம் வெளுத்து, படாத இடம் கறுத்துப் போனால், கூடத்தின் அமைப்பைப் படத்திலிருந்து படிக்க முடியாது. ஆகவே முக்கியமான படங்களை ஆனி, ஆடிக்குத் தள்ளிவைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மேகத்தைக் கொண்டுவரும் அந்த நாட்களில் கூரைக் கண்ணாடி முழுவதும் ஒரே சீராக ஒளிர்கிறது. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, சில விநாடிகள் ஒளியை உள்ளே விட்டால், தூணின் ஆணியிலிருந்து கடைக்கோடிச் சுவர் வரை எல்லாம் தெரிகின்றன. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் மேகம் மூடிய வானத்தின் கீழ், நேர்முகமாக, ஒரே முறையில் எடுத்துக்கொண்டே போனார்கள். தொழிற்கூடங்களை எடுப்பவர்கள் அவர்களிடம் கற்க வேண்டிய முதல் பாடம் அந்தப் பொறுமை என்றே கருதுகிறேன்.

இயந்திரம் போன பிறகும் வேலையின் தடம் தரையில் இருக்கிறது. அதைப் படிக்க, பஞ்சு நூலாகும் வழி தெரிந்திருக்க வேண்டும்: புளோரூமில் பஞ்சு பிரிந்து தூசி நீங்கி, கார்டிங்கில் சீவப்பட்டு, டிராயிங்கில் சேர்ந்து நீண்டு, சிம்ப்ளெக்ஸில் தடித்த இழையாகி, கடைசியில் ரிங் பிரேமில் முறுக்கேறி நூலாகிறது. இந்த வரிசையில் நடந்து பார்த்தால், வெறும் சிமெண்டுத் தரையாகத் தெரிந்தது பேசத் தொடங்கும். ரிங் பிரேம்கள் நின்ற இடங்களில் போல்ட்டுக் குழிகள் இரண்டிரண்டாக நீள்கின்றன. பற்சக்கரங்கள் இருந்த முனையில் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. இரண்டு பிரேம்களுக்கு நடுவிலிருந்த சந்து மட்டும் காலடி பட்டுப்பட்டு மழமழப்பாகியிருக்கிறது. தூண்களின் மேற்பகுதியில் இரும்புத் தாங்கிகள் துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன், ஒரு பெரிய மோட்டார் சுழற்றிய நீண்ட தண்டு அவற்றின் மீது ஓடியிருக்கும். அதிலிருந்து தோல் பட்டைகள் கீழே இறங்கி இயந்திரங்களை ஓட்டியிருக்கும்.

காவலுக்கு இருந்த பெரியவர் அதே ஆலையில் சைடராக, அதாவது ரிங் பிரேமின் பக்கத்தைக் கவனித்து அறுந்த இழையை ஒட்டுபவராக, வேலை பார்த்தவர். முதலில் நான் எடுப்பதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து, தூணில் பெயிண்டில் எழுதிய எண்ணைக் காட்டி, “இங்க நின்னு எடு கண்ணு, இதுதான் என்ற சைடு” என்றார். அறுந்த இழையை எப்படி ஒட்டுவது என்று கேட்டேன். முழங்காலால் கதிரை நிறுத்துவதுபோல் காலை மடக்கி, இல்லாத பாபினிலிருந்து இல்லாத நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் எனும் சிறு கம்பிக் கொக்கியில் கோத்து, உருளையிலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்து விரலால் ஒரு திருகு திருகிவிட்டார். அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. மறுபடியும் செய்யச் சொல்லி, அந்தக் கைகளை, பின்னால் போல்ட்டுக் குழிகள் தெரியும்படி வைத்து எடுத்தேன். அன்று எடுத்தவற்றில் எனக்கு மிகவும் வேண்டிய படம் அது.

உள்ளே போக எழுத்தில் அனுமதி வாங்குவதையும் துணைக்கு ஒருவர் இல்லாமல் போகாமலிருப்பதையும் நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். நூற்பாலையின் தரைக்கு அடியில், ஈரப்பதம் சேர்த்த காற்றைச் சுற்றிவிடும் கால்வாய்கள் ஓடும். காற்று வறண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் செய்த ஏற்பாடு அது. மேலே மூடிய பலகைக் கற்கள் உடைந்து, அதன் மீது பல ஆண்டுப் பஞ்சுத் தூசி படிந்துவிட்டால், குழி எது தரை எது என்று தெரியாது. உடைந்து கிடக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரைத் தகட்டின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தகுந்த முகக்கவசம் இல்லாமல் அங்கே நிற்கக் கூடாது.

கைவிடப்பட்ட ஆலை என்றதும் பலர் எடுப்பது ஒரே மாதிரிப் படங்கள்தாம்: சுவரைப் பிளந்த அரச மரம், உடைந்த கண்ணாடி, ஒற்றை நாற்காலி. அவற்றைப் பார்த்தால் அந்த இடம் என்ன செய்தது என்று தெரியாது. சர்க்கரை ஆலையா, நூற்பாலையா என்றுகூடச் சொல்ல முடியாது. அரச மரத்தை நானும் எடுத்தேன், ஏனென்றால் சுவரின் நிலைமைக்கு அது சான்று. ஆனால் மின்பலகையின் இரும்புக் கதவில் கடைசி ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு வெடித்துக் காய்ந்திருந்ததற்கு அதைவிட அதிக நேரம் கொடுத்தேன். மின்சாரம் தொடுவதற்கு முன் வணங்கியவர்களின் தொழில் அங்கே பதிந்திருக்கிறது.

வெளிவாசலையும் விடக் கூடாது. தொழிற்சங்கக் கொடிக்கம்பங்கள் நிற்பதும், ஷிப்ட் மாறும்போது கூட்டம் நடந்ததும் ஆலை வாசலில்தான். சின்னியம்பாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நால்வர், தொழிற்சங்கப் போராட்டத்தை ஒட்டி வந்த கொலை வழக்கில், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நினைவைச் சுமக்கும் ஊர் இது. ஆலை வாசல் வெறும் நுழைவழியாக இருந்ததில்லை. சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அந்த வாசல்தான்.

இடிக்கப்போகும் உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இயந்திரங்களைக் கழற்றுவதற்கு முன்பே எங்களை அழையுங்கள். அப்போது அங்கே வேலை பார்த்த ஜாபரையும் (வேலையை மேற்பார்த்த மேஸ்திரி) சைடரையும் டாபரையும் (நிறைந்த பாபின்களைக் கழற்றுபவர்) ஒரு நாள் வரவழையுங்கள். படங்களைக் கொடுக்கும்போது கூடத்தின் வரைபடம் ஒன்றையும் சேர்த்து, எந்தப் படம் எந்தத் தூணருகே எந்தத் திசை நோக்கி எடுக்கப்பட்டது என்று குறித்துத் தருகிறேன். இந்த ஆலைக்கான வரைபடத்தில் இயந்திர வரிசைகளின் பெயர்களைப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதி எங்கே இருந்தது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்ததால், அங்கே வேலை பார்த்த பெண்கள் யாரையாவது கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.